முடிந்த கதைக்கு அறங்காவலர் யார்?

காதலர் இருவரும் பிரியும் இடத்தில் ஒரு நாவல் நின்றுவிட்டால், வாசகர் மனம் அதை எளிதில் ஏற்பதில்லை. 1936இல் வெளிவந்த மார்கரெட் மிட்செலின் 'கான் வித் த விண்ட்' அத்தகையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிதைந்த ஜார்ஜியாவில், பிடிவாதமே உருவான ஸ்கார்லெட்டைக் கணவன் ரெட் பட்லர் விட்டு விலகுவதோடு அது முடிகிறது. அவன் திரும்புவானா? தொடர்ச்சி எழுத மிட்செல் மறுத்துவிட்டார்; 1949இல் மறைந்தும் போனார்.

காப்புரிமை அவருடைய அண்ணன் ஸ்டீஃபன்ஸ் குடும்பத்துக்கான டிரஸ்ட்டிடம் சென்றது. அதன் அறங்காவலராக அட்லாண்டாவின் சன்ட்ரஸ்ட் வங்கி இருந்தது. வீடு, நிலம், பங்குப் பத்திரம் ஆகியவற்றைப் பிறர்பொருட்டு வங்கி பேணுவதை வாடிக்கையாளர்கள் அறிவார்கள். ஸ்கார்லெட்டும் ரெட்டும் அப்படியொரு வங்கியின் பொறுப்பில் இருந்தனர் என்று அறிந்தபோது, வங்கிப் பணியில் பாதி வாழ்நாளைக் கழித்த நமக்கே வியப்பு மேலிட்டது.

உரிமையாளர்களின் ஒப்புதலோடு அலெக்சாண்ட்ரா ரிப்ளி எழுதிய 'ஸ்கார்லெட்' 1991இல் வந்தது. முதல் நூறு பக்கங்களை ஆவலோடும், எஞ்சியவற்றைப் பொறுமையோடும் படித்தோம். சார்ல்ஸ்டன், சவானா என அலைந்து அயர்லாந்து போய்ச் சேரும் அந்தப் பெண், பெயரளவில் மட்டுமே நாம் அறிந்த ஸ்கார்லெட். இறுதியில் இருவரும் இணைகின்றனர். கேட்டது கிடைத்தும் நமக்கு நிறைவு உண்டாகவில்லை.

ஒப்புதல் பெறாத நூலொன்றும் உண்டு. 2001இல் ஆலிஸ் ராண்டல் எழுதிய 'த விண்ட் டன் கான்' கதையைச் சொல்பவள் சினாரா. அடிமைத் தாய்க்குப் பிறந்தவள், ஸ்கார்லெட்டுக்கு ஒருவழிச் சகோதரி. மூலநூல் இனிமையாகத் தீட்டிய பண்ணை வாழ்வை அவள் அடுக்களைப் பக்கமிருந்து காண்கிறாள். வங்கி வழக்குத் தொடர்ந்தது. கீழ் நீதிமன்றம் விதித்த தடையை, அவ்வாண்டு மே மாதமே மேல்முறையீட்டு நீதிமன்றம் விலக்கியது; மூலத்தை விமர்சிக்கும் பகடி நூல் என்பதே அதற்கு அடிப்படை. மறு ஆண்டு சமரசம் ஏற்பட்டது. கறுப்பின இளைஞர்கள் பயிலும் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரிக்கு நன்கொடை வழங்கப் பதிப்பகம் இசைந்தது.

அறங்காவலரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஒப்படைத்த சொத்தைக் காப்பது அவர் கடமை. ஆயினும் அந்தக் கடமை வென்றிருந்தால், இளமையில் மயங்கிப் படித்த நாவலில் நாம் எதைக் காணாமல் விட்டோம் என்பது இன்றுவரை தெரிந்திராது. சினாராவைப் படித்தபின் மூலத்தைத் திரும்ப எடுத்தோம். பணிப்பெண் மாமி வாய்திறக்கும் ஒவ்வோரிடத்திலும் சற்றே நிற்க வேண்டியிருந்தது. அவளுக்குச் சொந்தப் பெயரே தரப்படவில்லை என்பதை முன்பு நாம் கவனித்ததில்லை.

1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலுக்கு இத்தகைய காவல் இல்லை. அதனால் 2011இல் பி. டி. ஜேம்ஸ் அதைக் கொலைக் கதையாகவே தொடர யாரிடமும் அனுமதி பெற வேண்டியிருக்கவில்லை. நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரையே காப்புரிமை. மிட்செலின் நாவலுக்கு அது 2009 இறுதியோடு முடிந்தது. அமெரிக்காவிலோ 2031 முடியும்வரை நீடிக்கும். அதன்பின் ரெட் எத்தனை முறை திரும்பி வருவானோ! நம் அலமாரியில் மூலநூலும் சினாராவும் கைக்கெட்டும் தட்டில் உள்ளன. 'ஸ்கார்லெட்' மேல்தட்டில் இருக்கிறது. அதை எடுக்க நாற்காலி போட வேண்டும்.