பட்டா இல்லாத பாரம்பரியம்

வங்கியில இருந்தப்ப நான் முதல்ல கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "பட்டா இருக்காங்க?" இல்லைன்னா விண்ணப்பத்தை ஓரமா வெச்சுடுவேன். ஓய்வு பெற்று, நாமக்கல் பக்கம் மூணு ஏக்கர்ல சோளமும் நிலக்கடலையும் போட ஆரம்பிச்ச பிறகுதான் அந்தக் கேள்வியோட கனம் உறைச்சது.

போன வருஷம் விதை தேடி கர்நாடகத்தின் எல்லாப்பூர் போயிருந்தேன். அங்கே காட்டை ஒட்டி சித்தி மக்கள் வாழ்கிறார்கள். நம்ம சித்தப்பா-சித்தி உறவு இல்லீங்க, அந்தச் சமூகத்தின் பெயரே அதுதான். போர்ச்சுகீசியர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களில், தப்பியவர்களும் விடுபட்டவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஊர் அமைத்தார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என மூன்று மதத்தவரும் அவர்களில் உண்டு. தமாம் மேளமும், முன்னோர் வழிபாடும், பழந்துணிகளை ஒட்டுப்போட்டுப் பெண்கள் தைக்கும் விரிப்பும் இன்னும் இருக்கின்றன.

விரிப்பு தைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் பேசினேன். கூட வந்தவர் மொழிபெயர்த்தார்: "மேளம் அடிக்க எல்லாரும் கூப்பிடுறாங்க. நாங்க உழுற மண்ணு யாருதுன்னு கேட்டா பதில் இல்லை."

உத்தர கன்னடச் சித்திகளைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்ததே 2003-ல்தான். 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே பல தலைமுறையாகக் காகிதமில்லாமல் உழுதவர்கள் அவர்கள். நிலம் போனால் ஊர் கலையும். ஊர் கலைந்தால் மேளம் மேடை நிகழ்ச்சியாகத்தான் மிஞ்சும்.

நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுதுங்க? எங்க அப்பா காலத்துல விதைச்சோளத்தைச் சாம்பலும் வேப்பிலையும் போட்டுக் காப்பாத்தினது எங்க படியாள் குடும்பம். பாரம்பரிய விதைன்னு இன்னைக்கு நாம பெருமை பேசுறோம். அவங்களுக்கு ஒரு சென்ட் நிலம் இல்லை. அப்படிப்பட்ட மக்களுக்காகத்தான் 1892-ல் சென்னை மாகாணத்தில் பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவானது. பட்டியல் சமூகத்தார் அல்லாதவருக்கு அதை விற்க முடியாது. ஆனாலும் ஏராளமான நிலம் கைமாறிக் கிடக்கிறது.

இந்தத் தை மாசம் என் தோட்டத்தை ஒட்டி ஒன்றரை ஏக்கர் மலிவா வந்தது. ஆசைதான். அ-பதிவேட்டைப் பார்த்தேன், பஞ்சமி நிலம். வாங்கலை. பதிவேட்டு நகலை, அந்த நிலத்தை முதலில் பெற்ற குடும்பத்தின் பேரன்கிட்ட கொடுத்தேன். மனு எழுதவும் கூட உட்கார்ந்தேன்.

புதுசா நிலம் வாங்கி இயற்கை விவசாயம் தொடங்குற நண்பர்களே, மண் பரிசோதனைக்கு முன்னாடி அ-பதிவேட்டைப் பாருங்க.