மெலிந்த குழந்தைக்குள் ஒளிந்த கொழுப்பு

சர்க்கரை நோயை நகரத்தின் கணக்கில் எழுதியே பழகிவிட்டோம். உட்கார்ந்த வேலை, எண்ணெய்ப் பலகாரம், தூக்கம் கெட்ட இரவு என்று காரணங்களும் கைவசம் இருக்கின்றன. அவை பொய்யல்ல. ஆனால் புனே அருகே 6 கிராமங்களில் 1993-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, கதை அதற்கும் முந்தைய தலைமுறையில் ஆரம்பிக்கிறது என்று காட்டியது.

கேஇஎம் மருத்துவமனையின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவருடைய குழுவினரும் அந்தக் கிராமத்துப் பெண்களைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே கவனித்தார்கள். சராசரி உயரம் 152 செ.மீ., எடை சுமார் 42 கிலோ. வயிற்றில் பிள்ளையோடும் வயல் வேலை, தண்ணீர்க் குடம். அதிகம் உழைத்தவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் இன்னும் சிறுத்திருந்தன. சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோதான், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் அது 3.5 கிலோ.

பச்சிளம் குழந்தையின் தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலை மெல்லக் கிள்ளிப் பிடித்து, காலிப்பரால் தடிமனை அளந்தார்கள். தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறியவை. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை! பற்றாக்குறையில் வளரும் கரு, தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காப்பாற்றிக்கொள்கிறது. ரத்தச் சர்க்கரையை அதிகம் செலவழிப்பது தசை என்பதால், இந்த இழப்பு வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

யாக்னிக் தன் உடலையே சான்றாக வைத்தார். அவருக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினுக்கும் உடல் நிறை குறியீட்டெண் ஒன்றுதான்: 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. இந்த ஒப்பீடு 2004-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. ஒல்லியாக இருப்பவருக்குச் சுகர் வராது என்ற நம்பிக்கையை இனியாவது கைவிட வேண்டும்.

அந்தக் கிராமத்துத் தாய்மார்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வைட்டமின் பி12 குறைவு. பால், முட்டை, மீன், இறைச்சியில் கிடைப்பது அது. மாடு கட்டியிருக்கும் வீட்டிலும் பால் சொசைட்டிக்குப் போய்விட்டால் மருமகளின் தட்டுக்கு என்ன மிஞ்சும்? கருவுற்றபோது பி12 குறைந்து, இன்னொரு பி வைட்டமினான ஃபோலேட் கூடியிருந்த தாய்மார்களின் பிள்ளைகளிடம், 6 வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யாத அறிகுறி தெரிந்தது.

2023-இல் வெளியான, நாடு தழுவிய ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி, சர்க்கரை நோய் நகரங்களில் 16.4 சதவீதம், கிராமங்களில் 8.9. ஆனால் நோய்க்கு முந்தைய நிலை இரண்டிலும் ஏறத்தாழ 15 சதவீதம். கிராமத்துக்கும் நோய் வந்துகொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். வயலில் உழைக்கும் உடல் சற்றுத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

யாக்னிக் குழு அடுத்து, தன் ஆய்வில் பிறந்த அந்தப் பிள்ளைகளிடமே திரும்பியது. பதின்பருவம் எட்டிய அவர்களுக்கு, ஆண் பெண் இருபாலருக்கும், தினம் 2 மைக்ரோகிராம் பி12 கொடுத்துப் பார்த்தது. ஏனென்றால், கர்ப்பம் உறுதியான பிறகு மாத்திரை எழுதினால் காலம் கடந்துவிடுகிறது. கருவின் உறுப்புகள் உருவாகத் தொடங்கும் முதல் வாரங்களில் பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே தெரியாது.