தொடாதீர்கள்! அதுதான் சாட்சி!

1924-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி. இரவு பதினொன்றரை மணி.

திருவண்ணாமலை மலையடிவாரத்தில் ரமணாசிரமம் அப்போது சிறு குடிலாக இருந்தது. அங்கே திருடர்கள் வந்தனர். ஜன்னலை உடைத்தனர். ரமண மகரிஷி எதிர்க்கவில்லை. வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். விளக்குக் கேட்டார்கள், விளக்கும் கொடுக்கச் சொன்னார். அப்படியும் அவரை அடித்தார்கள். இடது தொடையில் பலத்த அடி!

அகப்பட்டதோ அற்பம். மறுநாள் காலை போலீசார் வந்து விசாரித்தனர். சில நாட்களில் களவு போன பொருள்கள் சில கிடைத்தன. திருடர்கள் பிடிபட்டுச் சிறை சென்றனர்.

கூட்டம் செய்யும் உதவி

இன்று அந்தப் பகுதி வீடும் விடுதியுமாக நிறைந்திருக்கிறது. பவுர்ணமி தோறும் ஆசிரமத்தைக் கடந்து ஏராளமானோர் கிரிவலம் போகிறார்கள். இங்கே ஒரு வீட்டில் பூட்டு உடைந்தால் என்ன நடக்கும்?

தெருவே கூடிவிடும். ஒருவர் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். இன்னொருவர் பீரோவைத் திறந்து பார்ப்பார். சிதறிய துணிகளை ஒரு அம்மாள் மடித்து வைப்பார். எல்லாம் இரக்கத்தால் செய்வதுதான். ஆனால் லாபம் யாருக்கு? திருடனுக்கு!

பேசாத சாட்சிகள்

ஒரு பொருளைத் தொடுகிறவன் தன் அடையாளத்தை அதில் விட்டுப் போகிறான்; அங்குள்ளதில் ஏதோ ஒன்றைத் தன்னோடு கொண்டும் போகிறான். பிரெஞ்சு நாட்டு நிபுணர் எட்மண்ட் லொகார்ட் காட்டிய உண்மை இது.

விரலில் உள்ள வேர்வையும் எண்ணெய்ப் பசையும் கண்ணாடியில் ரேகையாகப் பதிகின்றன. ஒருவர் ரேகை போல இன்னொருவருக்கு இராது. அதை நம்பித்தான் 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் ஏற்பட்டது. ஆனால் அந்த ரேகை மேல் நம் கை பட்டால் போதும், அழிந்துவிடும்!

1991-ம் ஆண்டு மே 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி குண்டு வெடித்துக் கொல்லப்பட்டார். அந்த இடத்தில் ஒரு காமிரா கிடந்தது. அதிலிருந்த பிலிமைக் கழுவிப் பார்த்தார்கள். கொலைகாரப் பெண் கையில் மாலையுடன் நின்றாள்! அந்தக் காமிரா காணாமற் போயிருந்தால், துப்புத் துலங்குவது எவ்வளவு கடினமாகியிருக்கும்!

நாம் செய்ய வேண்டியவை

* யாராவது காயம்பட்டுக் கிடந்தால் முதலில் உயிரைக் காப்பாற்றுங்கள். மற்றதெல்லாம் பிறகு.
* வெளியே வந்து 112-க்குப் போன் செய்யுங்கள். வேறு யாரையும் உள்ளே விடாதீர்கள்.
* பெருக்காதீர்கள், கழுவாதீர்கள், எதையும் எடுத்து வைக்காதீர்கள்.
* முற்றத்தில் காலடித் தடம் இருந்து, மழையும் வருகிறதா? தடத்தில் படாமல் ஒரு அண்டாவைக் கவிழ்த்து வையுங்கள்.
* தெரியாமல் எதையாவது தொட்டுவிட்டால் போலீசாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் ரேகை எது, திருடன் ரேகை எது என்று பிரித்தறிய அது உதவும்.

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி புதிய சட்டம் அமலுக்கு வந்தது. 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றம் என்றால், தடய நிபுணர் நேரில் வந்து தடயம் சேகரிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அவர் வந்து சேர நேரமாகும். அதுவரை தடயத்துக்குக் காவல் யார்? வீட்டுக்காரரும் அக்கம்பக்கத்தாரும்தான்!