குடிப்பழக்கம்: இளவயதில் ஒரு முகம், நடுவயதில் வேறு முகம்

“அவன் தினமும் குடிப்பதில்லை, நோன்பி, திருவிழா, நண்பர்களோடு சேரும்போது மட்டும்தான்.” நெய்க்காரப்பட்டி சுற்றுவட்டாரத்திலிருந்து மகனை அழைத்து வரும் பெற்றோர் பெரும்பாலும் கூறுவது இதுவே. பதின்ம வயதில் குடிப் பிரச்சினை பெரும்பாலும் இவ்வாறுதான் தோன்றும். கை நடுங்காது, கல்லீரல் பரிசோதனை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒரே அமர்வில் அளவு மீறிக் குடிப்பதே இவ்வயதின் அபாயம்: இருசக்கர வாகன விபத்து, அடிதடி, முந்தைய இரவு நடந்தது மறுநாள் நினைவில் இல்லாமை.

விளைவை எண்ணிப் பார்க்கும் மூளைப்பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்ச்சி பெறுகிறது. அமெரிக்காவில் 1997-இல் வெளியான ஆய்வொன்றில், 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியோரில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் வாழ்நாளில் என்றேனும் குடிக்கு அடிமையாகியிருந்தனர். 20 வயதுக்குப் பின் தொடங்கியோரில் இது 10 விழுக்காடு அளவே. தொடங்கிய வயது மட்டுமே காரணம் எனக் கொள்ள இயலாது. பரம்பரைக்கும் வீட்டுச் சூழலுக்கும் பங்குண்டு.

வேலை, குடும்பப் பொறுப்பு வந்தபின் பலர் தாமாகவே குறைத்துக்கொள்கின்றனர் என்பது உண்மை. ஆயினும் ‘கால்கட்டு போட்டால் திருந்திவிடுவான்’ என்று மணமுடித்து வைப்பது சிகிச்சை ஆகாது. அச்சுமையைப் பின்னர் சுமப்பவர் அப்பெண்ணே.

குறையாதவர்களிடம் நோயின் முகம் மாறுகிறது. முன்பு போதை தந்த அளவு போதாமற்போகும். எவ்வளவு குடித்தாலும் நிதானமாகத் தோன்றுவார், வேலைக்கும் செல்வார். காலையில் கை நடுங்கும். சிறிது குடித்தால் நடுக்கம் நிற்கும். உடல் மதுவைச் சார்ந்துவிட்டதற்கு இதுவே தெளிவான அடையாளம்.

இந்நிலையில் திடீரென நிறுத்துவது ஆபத்தாகலாம். பழனி முருகனுக்கு மாலை அணிந்த அன்றே குடியை நிறுத்துவோர் நம் பகுதியில் பலர். அவர்களுள் உடல்சார்ந்த அடிமைநிலையில் உள்ளோருக்கு, கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் கடும் வியர்வை, காய்ச்சல், மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிதல் ஆகியன தோன்றலாம். இது பேய் பிடித்ததன்று. உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே 108-ஐ அழைக்கவும்.

விரதத்தைத் தடுப்பது எம் நோக்கமன்று. அவ்வுறுதி பெரிதும் உதவும். மாலை அணியும் நாளுக்கு ஒரு வாரம் முன்னரே அரசு மருத்துவமனைக்கு வந்தால், நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளும் வைட்டமின் பி1 ஊசியும் அளித்துப் பாதுகாப்பாக நிறுத்தலாம். குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவது போதாது. நோயாளிக்குத் தெரியாமல் உணவில் ‘குடி மறக்கும் மருந்து’ கலந்து கொடுக்கவே கூடாது. அதில் டைசல்பிராம் இருந்து அவர் மதுவும் அருந்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரிழப்பும் நேரலாம்.

முதலில் பேச மட்டும் விரும்புவோர் டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவி எண் 14446 ஆகியவற்றை இலவசமாக அழைக்கலாம். நோயாளி வர மறுத்தால், குடும்பத்தினர் மட்டும் வந்தும் ஆலோசனை பெறலாம்.