பெட்டியை மாற்றினால் மட்டும் கார் கிளம்பாது

2015 டிசம்பர் 1. சென்னையை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கரையோரத் தெருக்களில் கார்கள் மூழ்கிக் கிடந்தன. வெள்ளம் வடிந்ததும் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்க்கத்தான் கை போகும். அதைத்தான் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது போக, இசிஎம் என்று மெக்கானிக்குகள் சொல்லும் எஞ்சின் கணினியும் சத்தமில்லாமல் செத்துப் போகும்.

உள்ளங்கை அகல அலுமினியப் பெட்டி அது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது விநாடிக்கு 100 தடவை தீப்பொறி வேண்டும். எந்தக் கணத்தில் பொறி, எவ்வளவு பெட்ரோல் என்பதையெல்லாம் சென்சார்களைக் கேட்டு முடிவு செய்வது இந்தப் பெட்டிதான். சில கார்களில் டேஷ்போர்டுக்கு அடியில், கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். முழங்கால் தண்ணீரே அதற்கு அதிகம். நனைவதைவிட, நனைந்த பலகையில் மின்சாரம் ஓடுவதுதான் ஆபத்து. உப்பும் சாக்கடையும் கலந்த நீரில் 12 வோல்ட் பாய்ந்தால் மெல்லிய செம்புத் தடங்கள் அரித்துப் பச்சை பூத்துவிடும். அதனால்தான் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்கிறார்கள்.

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் அதே மாடலின் பழைய பெட்டி அகப்படலாம். பிளக்கும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனாலும் வண்டி கிளம்பாது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பேட்டரியே தேவைப்படாத சின்னச் சில்லு ஒன்று உண்டு. இம்மொபிலைசர் என்னும் திருட்டுத் தடுப்புக் கருவி அதன் ரகசிய எண்ணைச் சரிபார்த்துச் சொன்னால்தான் இசிஎம் எரிபொருளைத் திறந்துவிடும். வேறொரு காரிலிருந்து வந்த பெட்டி இந்தச் சாவியை எப்படி நம்பும்? திருடனைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, சொந்தக்காரரையும் வாசலில் நிறுத்திவிடுகிறது.

எனவே ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி மென்பொருளை ஏற்றி, சேசிஸ் எண்ணைப் பதிந்து, சாவிகளைப் பழக்க வேண்டும். டீசல் வண்டி என்றால் பெரும்பாலும் ஒவ்வொரு இன்ஜெக்டர் மேலும் அச்சடித்திருக்கும் குறியீட்டையும் உள்ளிட வேண்டும். ஒரே அச்சில் வார்த்தவைபோலத் தெரிந்தாலும் அவை பீய்ச்சும் அளவு மயிரிழை வேறுபடும். மென்பொருளை ஏற்றும்போது பேட்டரி வோல்டேஜ் சரிந்தால் புதுப் பெட்டியும் பாழ். அனுபவப்பட்டவர்கள் அதற்கென்று தனிச் சார்ஜரை மாட்டாமல் வேலையைத் தொடவே மாட்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. செத்த பெட்டியில் நினைவகச் சில்லு மட்டும் பிழைத்திருந்தால், அதிலுள்ளதை அப்படியே படித்து அதே ரகப் பழைய பெட்டிக்கு மாற்றிவிடலாம், சாவியும் ஏற்றுக்கொள்ளும். நனைந்த பெட்டியைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.