தயிரின் புளிப்பும் கரைகின்ற தையலும்



2009ஆம் ஆண்டு செல் துண்டு பட்டு எனக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்தது. "உள்ளுக்குப் போட்ட தையல் தானாய்க் கரைஞ்சிடும், பயப்பிடாதையும் பிள்ளை" என்றார் தாதி. ஆனாலும் பயம் போகவில்லை. நூல் எப்படிக் கரையும்? உள்ளே கிடந்து நஞ்சாகாதா? ஒரு குடம் தண்ணீர் தூக்கவும் பல வருடம் அஞ்சினேன்.

இன்று தயிர் விற்றுப் பிழைக்கிறேன். தயிர் வாங்க வந்த விஞ்ஞான ஆசிரியை ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் என் தயிர்ச் சட்டியைக் காட்டினார். "கரையிற நூல் கனக்க இந்தப் புளிப்பிலதான் செய்யிறது, அக்கா!"

அவர் விளக்கியது இதுதான். பாலில் உறை இட்டதும் பற்றீரியாக்கள் பாலின் சீனியை உண்டு லக்டிக் அமிலத்தை விடுகின்றன. இதுவே நொதித்தல். 1857இல் பிரான்ஸ் நாட்டு லூயி பாஸ்டர், இது நுண்ணுயிர்களின் வேலை என்று காட்டினார். இன்று தொழிற்சாலைகளில் பெரிய தொட்டிகளில் சோளச் சீனி, கரும்புச் சீனி கொடுத்து இதே அமிலத்தைப் பெறுகிறார்கள். புளிப்புக் கூடினால் பற்றீரியாவே சோர்ந்துவிடும். அதனால் சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பைத் தணிப்பார்களாம்.

விஞ்ஞானிகள் பற்றீரியாவையே மாற்றியும் இருக்கிறார்கள். நமது குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பற்றீரியா, காற்றில்லாத இடத்தில் சீனியைப் பல அமிலங்களாகவும் மதுசாரமாகவும் பிரித்துவிடும். வாய்க்கால் நீர் பல பாத்திகளுக்குப் பிரிவது போல. வேண்டாத வழிகளுக்குரிய பரம்பரை அலகுகளை நீக்கினால், சீனியின் பெரும்பகுதி ஒரே அமிலமாகிறது. லக்டிக் அமிலத்துக்கு இடக்கை, வலக்கை போல இரு வடிவங்கள் உண்டு. ஈ.கோலை இயல்பாகத் தருவது ஒன்று. நமது தசையில் உண்டாவது மற்றது. வேறு பற்றீரியாவின் அலகை அதனுள் புகுத்தி, அந்த மற்ற வடிவத்தையும் தனியாகப் பெற்றார்கள்.

இந்த அமிலத்தையும் கிளைக்கோலிக் அமிலத்தையும் சங்கிலியாகக் கோத்தால் உறுதியான நூல் கிடைக்கும். உடலின் நீர் பட்டு அந்தச் சங்கிலி மெல்ல அறும். மீண்டும் அமிலமாகி, கடைசியில் நீரும் கரியமிலவாயுவுமாக வெளியேறும். இவ்வகை நூல் சுமார் 2 மாதங்களில் மறைந்துவிடும்.

நான் வருடக்கணக்காகப் பயந்தது, எப்போதோ கரைந்து போன நூலுக்கு!

சகோதரிகளே, எல்லாத் தையலும் கரைவதில்லை. உங்களுக்குப் போட்டது எந்த நூல், எப்போது பாரம் தூக்கலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள். வலி, சீழ், காய்ச்சல் இருந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நான் கேட்காமல் இருந்ததால்தான் இத்தனை வருடம் பயந்தேன்.