பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் வீடு: ஒரே சாப்ட்வேரில் இரண்டும்

எங்கள் சேத்தூரில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் முன்பெல்லாம் "கேம் ஓடுமா, படம் பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். இப்போது வரும் கேள்வி வேறு. "பையன் பாதி நாள் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கப் போகிறான். இந்தக் கம்ப்யூட்டர் போதுமா?" தாராளமாகப் போதும். 8 ஜிபி ராம், ஒரு வெப் கேமரா, மைக் உள்ள ஹெட்செட், ஏதேனும் ஒரு பிரவுசர் இருந்தால் சரி. மீதி அலுவலகம் முழுவதும் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. அது எப்படி இயங்குகிறது என்பதைத்தான் இங்கு பார்க்கப் போகிறோம்.

சில நாள் அலுவலகத்திலும் சில நாள் வீட்டிலும் வேலை பார்ப்பதற்கு ஹைபிரிட் முறை என்று பெயர். நானும் அப்படித்தான். மாதத்தில் ஒரு வாரம் பொதிகை எக்ஸ்பிரசில் சென்னை. மற்ற நாட்களில் சேத்தூர் வீட்டு மாடி.

இதற்கான சாப்ட்வேர் தொகுப்பு ஒன்று நம் பக்கத்திலேயே உருவாகிறது. சேத்தூரில் பஸ் ஏறி புளியங்குடி, கடையநல்லூர் தாண்டிப் போனால் தென்காசி. அதற்கு அருகில் உள்ள மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம் இது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ரிமோட்லி என்ற பெயரில் தன் அலுவலக புரோகிராம்களை ஒன்றாகக் கட்டி, சில மாதங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. மைக்ரோசாப்ட் டீம்ஸ் 2017-லேயே வந்துவிட்டது. கூகுள் தன் தொகுப்புக்கு 2020 அக்டோபரில் வொர்க்ஸ்பேஸ் என்று பெயர் வைத்தது. மூன்றும் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

மெயில், சாட், வீடியோ மீட்டிங், காலண்டர், பைல்கள் என ஐந்தும் ஒரே யூசர் நேம், ஒரே பாஸ்வேர்டில் திறக்கும். "இதெல்லாம் தனித்தனியாக இலவசமாகக் கிடைக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கிறது. வித்தியாசம் பைலில்தான் தெரியும்.

ஒரு விலைப்பட்டியலை நான்கு பேருக்கு மெயிலில் அட்டாச் செய்து அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிமிடமே அது ஐந்து பைல்களாகிவிடுகிறது. ஆளுக்கொரு திருத்தம் செய்து "பைனல்", "பைனல் 2", "புது பைனல்" என்று திருப்பி அனுப்புவார்கள். எது சரியான பைல் என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. ஒருங்கிணைந்த தொகுப்பில் பைலை அனுப்புவதில்லை. அதன் லிங்க்கைத்தான் அனுப்புகிறோம். பைல் சர்வரில் ஒன்றே ஒன்று.

இருவர் ஒரே நேரத்தில் டைப் செய்தால்? நான் முதல் வரியில் ஐந்து எழுத்துகள் சேர்க்கிறேன். அதே நொடியில் நீங்கள் இருபதாவது இடத்தில் உள்ள எழுத்தை அழிக்கிறீர்கள். என் ஐந்தும் சேர்ந்ததால், நீங்கள் அழிக்க நினைத்த எழுத்து இருபத்தைந்தாவது இடத்துக்குப் போய்விடும். இதைக் கணக்குப் பார்த்து உங்கள் கட்டளையை மாற்றிக்கொள்வதற்கு ஒரு வழிமுறை உண்டு. எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் 1989-லேயே அதை எழுதிவிட்டார்கள். கூகுள் டாக்ஸ் அந்த வழியில்தான் இயங்குகிறது. யாராவது தவறுதலாக அழித்துவிட்டாலும் பயம் வேண்டாம். பைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இதுவரை சொன்னது சாப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். அதனால் முடியாத ஒன்றும் இருக்கிறது, அது டீக்கடை. எங்கள் அலுவலகத்தில் இருந்தவர்கள் டீ குடிக்கும்போது, ஒரு ஸ்கிரீனைக் கைவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஊரிலிருந்து வேலை பார்த்த எங்கள் இருவருக்கும் அது தெரியாது. கைவிட்ட ஸ்கிரீனுக்கு இரண்டு நாள் உழைத்தோம். யார் மேலும் கோபப்பட முடியவில்லை. டீ குடிக்கும்போது பேசாமல் இருக்க முடியுமா? ஆனால் இப்படி நாலு முறை நடந்தால், "ஊரில் இருப்பவர்களோடு வேலை ஆகாது, எல்லோரும் சென்னைக்கே வாருங்கள்" என்றுதான் முடியும். என்னைப் போல் வயதான பெற்றோருக்காக ஊரில் இருப்பவர்களுக்கு அது வேலையையே விடுவதற்குச் சமம்.

அதன் பிறகு எங்கள் குழுவில் இரண்டு வழக்கங்கள் வந்தன. எங்கே பேசி முடிவெடுத்தாலும், அதை சாட்டில் உள்ள எங்கள் குழுவின் பக்கத்தில் ஒரு வரி எழுதினால்தான் அது முடிவு. மீட்டிங்கில் ஒருவர் வெளியூரில் இருந்தாலும், அலுவலகத்தில் இருப்பவர்கள் உட்பட எல்லோரும் அவரவர் கம்ப்யூட்டரிலிருந்தே சேர வேண்டும். இல்லாவிட்டால் அறையில் ஆறு பேர் சிரிப்பார்கள். எதற்கென்று ஸ்பீக்கர் வழியே கேட்பவருக்குப் புரியாது.

காலண்டரில் இன்று வீடா, ஆபீசா என்று குறித்து வைக்கும் வசதியையும் பயன்படுத்துங்கள். யாரும் இல்லாத நாளில் பல மணி நேரம் பயணம் செய்து போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் பச்சைப் புள்ளியை வைத்து வேலையை அளக்கும் மேலாளர்களை என்ன சொல்வது! கீ போர்டைத் தொடாமல் பேப்பரில் யோசித்துக்கொண்டிருந்தால், சிறிது நேரத்தில் டீம்ஸில் அது மஞ்சளாகிவிடும். அப்போதுதான் உண்மையான வேலை நடந்துகொண்டிருக்கும்.

நெட் மெதுவாக இருந்தால் முதலில் கேமராவை நிறுத்துங்கள். குரலுக்கு நொடிக்கு 100 கிலோபிட் கூடத் தேவையில்லை. வீடியோதான் பல மடங்கு இழுக்கும். கரண்ட் போனால் லேப்டாப்புக்குப் பேட்டரி உண்டு, ரவுட்டருக்கு இல்லை. ரவுட்டருக்கென்றே சிறிய யுபிஎஸ் விற்கிறார்கள். வாங்கும்போது உங்கள் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்து, அதே அளவில் வாங்கவும்.

இது பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரியது அல்ல. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி தயாரிப்பவர், ஆர்டர் விவரங்களை ஒரு கூகுள் ஷீட்டில் போட்டுத் தறிக்கூடத்திலும் வீட்டிலும் திறந்து வைக்கலாம். சாதாரண ஜிமெயில் அக்கவுண்ட் போதும். 15 ஜிபி இடம் இலவசம். ஷேர் பட்டனை அழுத்தும்போது மட்டும் கவனம். "எனிஒன் வித் த லிங்க்" என்று விட்டுவிட்டால், லிங்க் கிடைத்த யாரும் திறக்கலாம். "ரெஸ்ட்ரிக்டட்" என வைத்து, தேவையானவர்களின் மெயில் முகவரியை மட்டும் சேர்க்கவும். கணக்குப் பார்ப்பவருக்கு எடிட்டர், மற்றவர்களுக்கு வியூவர்.

கடைசியாக ஒன்று. ஐந்து கதவுக்கும் ஒரே சாவி என்பதால் பாஸ்வேர்ட் போனால் ஐந்தும் போகும். டூ ஸ்டெப் வெரிபிகேஷனை இன்றே ஆன் செய்யுங்கள். வீட்டில் பிள்ளைகளும் அதே கம்ப்யூட்டரில் கேம் விளையாடுவார்கள் என்றால், விண்டோஸ் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போய் அவர்களுக்குத் தனி யூசர் அக்கவுண்ட் உருவாக்கிக் கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட் உங்களிடமே இருக்கட்டும்.